பூஜ்யம் வேறு, காலி வேறு

அந்தக் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் கடையை நடத்துகிற அக்காவைப் பார்க்க மாட்டார்கள். அண்ணாந்து பார்ப்பார்கள். வலது மூலையில், கூரைக்குக் கீழே, உரித்த முட்டை மாதிரி வெள்ளையாக ஒரு கேமரா இருக்கும்.

“என்ன தம்பி, சாப்டாச்சா?” என்று அதைக் கேட்பார்கள்.

“ஆச்சுண்ணே. இப்பதான் டூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்தேன். வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சா?” என்று கேமரா திருப்பிக் கேட்கும்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த அக்காவின் கணவருடைய குரல் அது. கேமராவிலேயே ஸ்பீக்கரும் இருந்தது. அவருக்கு இரவு வேலை. நம்முடைய காலை நேரம் முழுவதும் அங்கே தூக்கம் வராமல் படுத்துக்கொண்டு, போனில் இந்தக் கடையைப் பார்த்துக்கொண்டிருப்பார். திடீரென்று உச்சியிலிருந்து பேச்சு வரும். “ஃபேன ரெண்டுல வையி.” “அந்தப் பையன் ஏன் ரொம்ப நேரமா நிக்கிறான்?”

அந்தப் பையன் நான்தான்.

பாபநாசத்திலிருந்து உள்ளே பிரிகிற சாலையில், ஆற்றுப் பாலத்துக்குக் கிழக்கே இருந்தது அக்காவின் கம்ப்யூட்டர் கடை. எட்டுக்குப் பத்து அடி. வருமானச் சான்றிதழ், சிட்டா, பயிர்க் காப்பீடு, நீலத் துணிக்கு முன்னால் உட்காரவைத்து எடுக்கும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பாலத்துக்கு மேற்கே எங்கள் தெரு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நடவுக்கும் அறுப்புக்கும் போய் அப்பாவும் அம்மாவும் என்னை பி.எஸ்சி. இயற்பியல் வரை படிக்க வைத்தார்கள். பிறகு அப்பா மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், குத்தகைக்கு எடுத்தார். நான் அரசுத் தேர்வுகளுக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்தேன். ஆகவே வாரத்துக்கு மூன்று நாளாவது அந்தக் கடையில் நிற்பேன்.

அக்காவுக்கு என்னைவிட நாலு வயது கூட இருக்கலாம். படிப்பு பன்னிரண்டாவது வரை. “மார்க்கும் வந்துச்சு, காலேஜ் சீட்டும் வந்துச்சு, அதே வாரம் மாப்பிள்ளையும் வந்துட்டாரு” என்று ஒருமுறை சொன்னார். குறைபட்டுக்கொள்கிற குரல் இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொன்னார், அவ்வளவுதான். எதையும் அப்படித்தான் சொல்வார்.

ஒரு நாள் காலையில் கொஞ்சம் சீக்கிரமாகப் போய்விட்டேன். கடை திறந்திருந்தது, அக்கா இல்லை. பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தால், காலி மனையின் நடுவே குந்தி உட்கார்ந்து, நாலு செங்கல்லுக்கு நடுவில் நிறுத்தியிருந்த ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கண்ணுக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத பாட்டிலை அவ்வளவு அக்கறையாகப் பார்த்த ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை.

“என்னக்கா, ஒண்ணும் இல்லையே அதுல?”

“அதத்தான் பாக்குறேன்.”

போனில் மணி பார்த்தார். எட்டரை. சின்ன நோட்டில் தேதியைப் போட்டு எழுதினார்: 0.0.

அது மழைமானி. ஜூஸ் பாட்டிலின் கழுத்தை அறுத்து, அதையே தலைகீழாகப் புனல்போலக் கவிழ்த்து, பக்கவாட்டில் மில்லிமீட்டர் கோடுகளைப் பிரின்ட் எடுத்து லேமினேட் பண்ணி ஒட்டி, அவரே செய்தது. தினமும் காலை எட்டரைக்குப் பார்க்க வேண்டும். ஏன் எட்டரை என்று கேட்டேன்.

“எல்லாரும் அப்பதான் பாக்குறாங்க. இந்த நிமிஷம் எத்தன ஊருல எத்தன பேரு இப்படிக் குனிஞ்சிருக்காங்க தெரியுமா?” என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. கல்யாண மண்டபத்தில் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் கூரை கேட்டது. “எங்க போன?”

“பின்னாடி போயிட்டு வந்தேன்.”

அதற்குமேல் அவர் கேட்க மாட்டார். பின்னாடி போகிற பெண்ணை எங்கள் பக்கம் யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. அக்கா சொன்னதில் பொய்யும் இல்லை. காலை எட்டு மணிக்குக் கடைக்கு வந்தால் இரவு சாப்பாட்டுக்குத்தான் வீடு. மதியச் சாப்பாடு பக்கத்து உரக்கடையிலிருந்து, கணவரின் அண்ணன் மகள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். உரக்கடையும் இந்தக் கட்டடமும் அந்த அண்ணனுடையவை. ஒரு நாளில் அக்காவுக்கென்று இருந்தது எட்டு இருபத்தெட்டிலிருந்து எட்டு முப்பத்திரண்டு வரை, நாலு நிமிஷம். கேமராவுக்குத் தெரியாத நாலு நிமிஷம்.

அந்த நாலு நிமிஷத்துக்குப் பின்னால் எவ்வளவு பெரிய ஊர் இருந்தது என்பது மெதுவாகத்தான் எனக்குத் தெரிந்தது.

இணையத்தில் மழை ஆர்வலர்கள் குழு ஒன்றில் அக்கா உறுப்பினர். நாகூரில் இரும்புக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், திருவாரூரில் ஓய்வுபெற்ற வங்கிக்காரர், எங்கெங்கோ கல்லூரி மாணவர்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. சொந்தப் பெயர் கிடையாது. அவரவர் மழைமானி இருக்கும் இடம்தான் பெயர். அக்கா எங்கள் ஊர்ப் பெயரோடு ‘கிழக்கு’ என்று சேர்த்துப் பதிந்திருந்தார். நாளடைவில் ஊர்ப் பெயரும் உதிர்ந்து ‘கிழக்கு சார்’ ஆகிவிட்டார். “கிழக்கு சார் ஒரு நாள்கூட விட்டதில்லை, அவரைப் பார்த்துக் கத்துக்குங்க” என்று பாய் புதுப் பையன்களைத் திட்டுவார்.

“பொம்பளைன்னு சொல்ல வேண்டியதுதானக்கா?”

“அவங்க கேக்கலயே. மழ எவ்வளவுன்னுதான் கேட்டாங்க.”

வானிலை பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை எல்லாம் தேடிப் படிப்பார். பாதிக் கட்டுரைகள் பூட்டியிருக்கும். எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்பார். “கேட்டா அனுப்பிருவாங்க தம்பி. கேக்கத்தான் நமக்குக் கூச்சம்.” வந்ததைத் தப்பாகப் பிரின்ட் ஆன விண்ணப்பங்களின் பின்பக்கத்தில் அச்சடிப்பார். ஒரு பக்கம் யாருடைய முதியோர் உதவித்தொகையோ, மறுபக்கம் வங்கக்கடலின் வெப்பம். விரல் ரேகை வைக்க வந்த பெரியவர் ரேகை விழாமல் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருக்கும் இடைவெளியில், ஒரு வரி படித்து அடிக்கோடு போடுவார். புரியாத சொல்லை ஓரத்தில் எழுதி வைப்பார். எனக்குப் புரிந்திருக்க வேண்டிய சொற்கள் அவை, பி.எஸ்சி. நான்தான் படித்திருந்தேன். பல சொற்களுக்கு முழித்தேன்.

ஒரு ஆராய்ச்சி மாணவர், குழுவின் அளவுகளைப் பயன்படுத்தி எழுதிய கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லியிருந்தார். பதினோராவது வரியில் ‘கிழக்கு’ இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் நல்ல தாளில் எடுத்து லேமினேட் பண்ணி, நீலத் துணிக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். கேமராவுக்குத் துணிதான் தெரியும்.

அவருக்கென்று ஒரு கேள்வி இருந்தது. ‘ஆத்துக்கு அந்தாண்ட அடிக்கிற மழ இந்தாண்ட வராது’ என்று இரண்டு கரையிலும் சொல்வார்கள். எங்கள் தெருவில் அதைச் சொல்லும்போது மழையை மட்டும் சொல்வதில்லை. அக்கா மழையை மட்டும் கேட்டார். உண்மையா? எத்தனை மழை தாண்டுகிறது, எத்தனை நிற்கிறது? இரண்டு கரையிலும் ஒரே நேரத்தில் அளந்தால் தெரிந்துவிடும். பாலம் நடந்தால் பத்து நிமிஷம். அவருக்கு இருந்தது நாலு.

அப்படித்தான் நான் ‘மேற்கு’ ஆனேன். எங்கள் கொல்லையில் நாலு செங்கல், ஒரு பாட்டில். குழுவின் பட்டியலில் கிழக்குக்குப் பக்கத்திலேயே எனக்கும் ஒரு கட்டம். முதல் மாதம் ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டாவது மாதம் ஒரு நாள் தூங்கிவிட்டேன். வெயில் சுள்ளென்று அடித்தது, மழைக்கு வாய்ப்பே இல்லை. படுத்தபடியே 0.0 என்று போட்டுவிட்டேன்.

கடைக்குப் போனதும் கேட்டார். “இன்னிக்குப் பாத்தியா?”

“மழையே பெய்யலையேக்கா.”

“அது கேக்கல. பாத்தியா?”

“இல்ல.”

“அப்ப அது பூஜ்யம் இல்ல தம்பி, காலி. பூஜ்யம்னா ஒருத்தன் போயி குனிஞ்சு பாத்துட்டு, ஒண்ணும் இல்லன்னு வந்து சொல்றது. காலின்னா யாரும் போகல. ரெண்டும் ஒண்ணா?”

அழித்துவிடுகிறேன் என்றேன். அதுவும் கூடாதாம். தப்பை அழிக்காமல் அடித்துவிட்டு, பக்கத்தில் ‘பார்க்கவில்லை’ என்று குறிப்பு எழுத வேண்டுமாம். எழுதினேன். நாகூர் பாய் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு பாட்டிலுக்கு இவ்வளவா?

குழுவினர் சென்னையில் ஒருமுறை நேரில் கூடினார்கள். ஆராய்ச்சியாளர்களும் வருகிறார்கள், கிழக்கு சார் அவசியம் வர வேண்டும் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். அக்கா அதை எனக்குச் சன்னமான குரலில் வாசித்துக் காட்டினார். காலை ரயிலில் போனால் மாலை ரயிலில் திரும்பலாம் என்று நேரம் எல்லாம் பார்த்து வைத்திருந்தார். அண்ணாந்து கேமராவை ஒரு தரம் பார்த்தார். கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அதன் சின்ன நீல விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

“அவரு என்னப் பாக்கல தம்பி. கண்ணாடிக் கதவு வழியா ரோட்டப் பாக்குறாரு. பஸ்ஸு போறது, ஆடு போறது. பத்துப் பேரு படுத்திருக்கிற ரூமு. அவருக்கும் வேற சன்னல் இல்ல.” பிறகு பதில் தட்டினார்: ‘வர இயலாது. அளவு வரும்.’

கூட்டத்தன்று காலை எட்டரைக்கு, அது வந்தது.

அந்த வருஷம் தை மாதக் கடைசி. சம்பா முற்றி நின்றது. அறுப்பு மிஷின் எங்கள் பக்கம் வந்துவிட்டது. மறுநாள் விட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடும், திரும்ப வர பத்து நாளாகும். கடலில் ஏதோ சுழல்கிறது என்று செய்தி. அறுத்துக் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டினால் நம் முறை வர இரண்டு மூன்று நாள், அதற்குள் மழை வந்தால் நெல் அம்பாரம் நனையும். அறுக்காமல் விட்டு மழை வந்தால் கதிர் சாய்ந்துவிடும். தெருவே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது.

அக்கா யாருக்கும் ஜோசியம் சொல்கிறவர் அல்ல. குழுவில் மழைக்கு முன்னால் ஆளாளுக்கு ஒரு வாய்ப்பு எண் எழுதி வைப்பார்கள். வருஷக் கடைசியில் யார் எண் எவ்வளவு பொருந்தியது என்று கூட்டிப் பார்ப்பார்கள். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு, ஒரு படிப்பு. நான்தான் வற்புறுத்திக் கேட்டேன்.

அக்கா வெகுநேரம் திரையில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “நாப்பது.”

“வருமா, வராதா?”

“நாப்பது தம்பி. நாப்பதுன்னுதான் போயிச் சொல்லணும். கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது. சரியா?”

சரி என்றேன்.

சாயந்திரம் மதகுக் கட்டையில் அப்பா, பெரியப்பா, சின்னம்மா, இன்னும் நாலைந்து பேர் காத்திருந்தார்கள்.

“என்னடா சொல்லுது ஒங்கக்கா?”

“நாப்பது சதவீதம் வாய்ப்பு இருக்காம்.”

எங்கள் தெருவுக்குள் சதவீதம் என்ற சொல் மார்க் ஷீட்டோடுதான் வந்தது. வேறு எதற்கும் அதை நாங்கள் பயன்படுத்தியதில்லை.

“முப்பத்தஞ்சு எடுத்தா பாஸுதான?” என்றார் பெரியப்பா. “அப்ப நாப்பதுன்னா மழ பாஸாயிருச்சு. வந்துரும்.”

“ஒம் மவன் நாப்பதுல பாஸ் பண்ணான், என்னத்தக் கிழிச்சான்?” என்றார் சின்னம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

“இல்ல பெரியப்பா. நூத்துல நாப்பது பங்கு வரும்னு, மிச்சம் அறுபது வராதுன்னு.”

“அறுபதா?” சின்னம்மா எழுந்தே விட்டார். “அறுபதுன்னா ஃபஸ்ட் கிளாஸ்ல்ல! வராததுதான் ஃபஸ்ட் கிளாஸ்ல இருக்கு. இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

“ரெண்டும் பாஸுன்னா எத எடுத்துக்கிறது?” என்று பெரியப்பா விடவில்லை.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. “சுத்தி வளைக்காத. நாளைக்கு மிஷின எறக்கவா வேணாமா? வருமா வராதா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தத் தெருவின் முதல் பட்டதாரியை. நாற்பது என்ற எண்ணை வைத்துக்கொண்டு அப்பா என்ன செய்வார்? அதை மிஷின்காரனிடம் கொடுக்க முடியுமா? என்னை இவ்வளவு தூரம் படிக்க வைத்ததற்கு ஒரு பதிலாவது வேண்டாமா என்று அந்த முகம் கேட்ட மாதிரி இருந்தது.

“வராதுப்பா” என்றேன்.

“அக்கா சொல்லுச்சா?”

“ம்.”

மறுநாள் அறுத்தார்கள். அன்று மாலையே களத்தில் கொட்டினார்கள். அதற்கடுத்த நாள் மத்தியானம் மூன்று மணிக்கு மழை பிடித்தது. தை மாதத்து மழை மாதிரியே இல்லை; ஐப்பசி வழி தவறி வந்த மாதிரி கொட்டியது. நெல்லை மூடியிருந்த படுதாக்கள் காற்றில் பறந்தன. அப்பா எங்கள் கொல்லையிலிருந்த செங்கல்லை எல்லாம் அள்ளிக்கொண்டு ஓடிப் படுதாவின் ஓரத்தில் வைத்தார். ஆனாலும் தாழ்ந்த பக்கத்தில் தண்ணீர் அடியில் புகுந்தது. மறுநாள் விடிந்ததிலிருந்து நெல்லை வாரி வாரித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தோம். எங்களுடையது பாதி நனைந்திருந்தது. சின்னம்மாவுடையது முழுக்க.

பத்து மணிக்கு, முழங்கால் வரை சேறோடு அக்காவின் கடைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று இன்றும் தெளிவாகத் தெரியவில்லை. அழவா, சண்டை போடவா?

“அக்கா, எல்லாம் நனைஞ்சு போச்சு.”

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். “ஒன் பக்கம் எவ்வளவு?”

“என்ன எவ்வளவு?”

“இங்க அம்பத்தெட்டு புள்ளி நாலு. அங்க?”

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். “செங்கல்ல அப்பா தூக்கிட்டுப் போயிட்டாரு. பாட்டிலு கவுந்து கெடக்கு.”

அவர் மெதுவாக உட்கார்ந்தார். இவ்வளவு நாளாக அவர் காத்திருந்த மழை அது. ஆற்றின் இரண்டு கரையிலும் அளக்க வேண்டிய மழை. என் கட்டம் காலி. அவர் முகத்தில் தெரிந்தது நெல்லுக்கான வருத்தம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஒரு நிமிஷம் கழித்துத்தான், “எங்க வீட்டு மாடியில பெரிய படுதா ஒண்ணு கெடக்கு, அண்ணன்கிட்ட கேட்டு எடுத்துட்டுப் போ. மேல் நெல்லையும் அடி நெல்லையும் கலந்துடாதீங்க” என்றார். நல்லதைத்தான் சொன்னார். வரிசைதான் என்னைக் குத்தியது. அந்தக் கோபத்தை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன். என் ‘ம்’ மேல் போட்டு மூட அது தேவைப்பட்டது.

மூன்றாம் நாள் சின்னம்மா கடைக்கு வந்தார். நான் ஒரு தேர்வுக்கு ஹால் டிக்கெட் எடுக்க நின்றிருந்தேன். சின்னம்மா அக்காவைப் பார்க்கக்கூட இல்லை. இரண்டு கையிலும் முளை விட்ட நெல்லை ஏந்தி, கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

“பாருங்க தம்பி! ஒங்க வீட்டு ஜோசியக்காரி செஞ்ச வேலையப் பாருங்க!”

மேலே கரகரவென்று சத்தம் கேட்டது. “என்னம்மா? என்ன ஆச்சு?”

“தெனம் காலைல மழய அளக்குறாளாம், மழ வராதுன்னு சொல்லி அனுப்புனா. நம்பித்தான மிஷின எறக்குனோம்? ஒரு மூட்ட தேறல தம்பி. நாங்க யாருகிட்டப் போயி நிப்போம்?”

அக்கா சொன்னார்: “நான் நாப்பதுன்னு சொன்னேன்.”

“நாப்பதோ நானூறோ! வராதுன்னு சொன்னியா இல்லியா?”

“வராதுன்னு சொல்லல. நாப்பதுன்னா, இந்த மாதிரி நூறு நாளு வந்தா அதுல நாப்பது நாளு பெய்யும். இது அந்த நாப்பதுல ஒண்ணு. ஒரு நாள வச்சு நான் சொன்னது சரின்னும் சொல்ல முடியாது, தப்புன்னும் சொல்ல முடியாது.”

அந்த இடத்தில், அந்த நெல்லுக்கு முன்னால், அப்படித்தான் பேசினார். அவருக்கு வேறு மாதிரிப் பேசத் தெரியாது. சின்னம்மா கையிலிருந்த நெல்லைக் கீபோர்டின் மேல் கொட்டினார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. பாட்டிலைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. நான் லேமினேஷன் மிஷினில் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் போதும். நான்தான் சொன்னேன் சின்னம்மா. அவ்வளவுதான். அது வரவில்லை.

கூரை கேட்டது. “தெனம் பின்னாடி போறது இதுக்குத்தானா?”

“ஆமா” என்றார் அக்கா.

“என்ன இருக்கு அங்க?”

“மழைமானி.”

“எத்தன நாளா?”

“மூணு வருஷம் ஏழு மாசம்.”

கூரையில் கரகரப்பு நின்றது. பக்கத்து உரக்கடையில் போன் அடித்தது. கணவரின் அண்ணன் அதை எடுத்துப் பேசியபடியே கடை வழியாகப் பின்பக்கம் போனார். பிளாஸ்டிக் நசுங்குகிற சத்தம் கேட்டது. அக்கா கீபோர்டைக் கவிழ்த்து, எழுத்துகளுக்கு இடையில் சிக்கிய நெல்லை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அந்த நாற்காலியில் வேறு ஒருவர் இருந்தார். அண்ணனின் மனைவி வழிச் சொந்தமாம். நீலத் துணி புதிதாக மாறியிருந்தது. பழைய ஆணியிலிருந்து எடுத்த லேமினேஷன் தாளை அவர் மவுஸுக்கு அடியில் போட்டிருந்தார். வழவழப்பான தாள், மவுஸ் நன்றாக ஓடியது. நன்றிப் பட்டியல் தலைகீழாகத் தெரிந்தது. பதினோராவது வரியை என்னால் கண்டுபிடிக்க முடிந்தது.

பத்து நாள் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா வாசல் கிரில் கதவுக்கு உள்ளே நின்று பேசினார். சாவி பெரியவர்களிடம் இருந்ததோ என்னவோ, திறக்கவில்லை.

“அக்கா, வராதுன்னு சொன்னது நான்தான்.”

“தெரியும்.”

“எப்படிக்கா?”

“ஒன் கட்டத்துல நீ போட்ட அளவெல்லாம் ஒண்ணு அஞ்சுல முடியும், இல்லன்னா பூஜ்யத்துல முடியும் தம்பி. மழ அப்படிப் பெய்யாது. நீ ரவுண்டு பண்ற ஆளுன்னு எனக்கு ரெண்டாவது மாசமே தெரியும். தெரிஞ்சே ஒங்கிட்ட நாப்பதக் குடுத்தேன்ல, அது என் தப்பு.”

சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். கிரில்லின் நிழல் முகத்தில் விழுந்திருந்தது.

“அண்ணன்கிட்ட போயிச் சொல்லிடுறேன்க்கா.”

“சொல்லு. உள்ளதச் சொல்லணும். ஆனா அதுனால கதவு தெறக்கும்னு நெனச்சுப் போகாத.”

போனேன். அண்ணன் உர மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். “நீ சொன்னா என்ன, அது சொன்னா என்ன தம்பி? கடைக்கு ஆளு போட்டாச்சு” என்றார். கெட்ட மனிதர் இல்லை. எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

மதகுக் கட்டையிலும் சொன்னேன். சின்னம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, “படிச்சவன் நீயே இப்படின்னா” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அப்பா களத்திலிருந்து செங்கல் நாலையும் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்தார்.

அதிலிருந்து நான் ஒரு நாளும் விடவில்லை. மாசி, பங்குனி. வயல் வெடித்துக் கிடந்தது. எட்டரைக்குக் குனிவேன். ஒன்றும் இருக்காது. என் கட்டத்தில் 0.0, பக்கத்துக் கட்டம் காலி. மறுநாளும் 0.0, பக்கத்தில் காலி. திரையில் அந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்கப் பார்க்கத்தான் அக்கா சொன்னது எனக்கு உறைத்தது. ‘கிழக்கு சாருக்கு உடம்பு சரியில்லையா? யாருக்காவது அவர் நம்பர் தெரியுமா?’ என்று நாகூர் பாய் கேட்டார். பதில் தட்டி, அழித்து, தட்டி, அழித்தேன். எதைச் சொல்வது? எந்த வரிசையில் சொல்வது?

இப்போது நான் திருவாரூரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். அக்காவை அந்தக் கிரில் கதவுக்குப் பிறகு நேரில் பார்த்ததில்லை. எங்கள் கொல்லையில் அம்மா பார்த்துச் சொல்கிறாள், நான் பதிகிறேன். ‘ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல’ என்று அம்மா சொன்னால் விடுவதில்லை, திரும்பப் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். திட்டிக்கொண்டே போவாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வருஷத்துச் சித்திரையில் ஒரு காலை. எட்டு முப்பத்திநாலு. என் பூஜ்யத்தைப் பதிந்துவிட்டுப் போனைக் கீழே வைக்கப் போனேன். பக்கத்துக் கட்டத்தில் என்னவோ இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

0.0

குழுவில் ஒரே ஆரவாரம். வாங்க சார், வாங்க சார் என்று பாய் பத்து மலர் போட்டிருந்தார். கிழக்கு யாருக்கும் பதில் சொல்லவில்லை. விடுபட்ட நாட்கள் அத்தனையிலும் ‘பார்க்கவில்லை’ என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். கடைசியில், நிலையத்தின் விவரம் எழுதும் இடத்தில், இரண்டு வரி:

‘இடமாற்றம்: பழைய இடத்திலிருந்து நூற்றைம்பது மீட்டர் வடக்கே, வீட்டின் உள்முற்றம். நான்கு பக்கமும் சுவர்; அளவு குறைவாக இருக்கக்கூடும்.’